ஒரே பேண்டில் பல டிஜிட்டல் மோடுகள்: ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் இருக்க சில கேள்வி பதில்கள்

வேலூர், காட்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் புதிதாக அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கி, ரிக்கையும் (ரேடியோ செட்) லேப்டாப்பையும் இணைத்த கையோடு ஹாம்கள் (அமெச்சூர் ரேடியோக்காரர்கள்) கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். அதிர்வெண்கள் எல்லாம் மெகாஹெர்ட்ஸில், ஆடியோ எண்கள் ஹெர்ட்ஸில். வேறு அலகு வரும் இடங்களில் மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

எஃப்டி8, எஃப்டி4, விஸ்பர்னு இத்தனை இருக்கே, எது எங்க இருக்குன்னு எப்படி ஞாபகம் வெச்சுக்கறது?

இவை எல்லாம் லேப்டாப் உருவாக்கும் ஒலியால் செய்தி அனுப்பும் முறைகள், அதாவது டிஜிட்டல் மோடுகள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நீங்கள் அடிக்கடி போகும் இரண்டு பேண்டு (அதிர்வெண் பகுதி) தெரிந்தால் போதும். 40 மீட்டரில் விஸ்பர் (WSPR) 7.0386, எஃப்டி4 7.0475, எஃப்டி8 7.074, ஜேஎஸ்8 7.078. 20 மீட்டரில் பிஎஸ்கே31 14.070, எஃப்டி8 14.074, ஜேஎஸ்8 14.078, எஃப்டி4 14.080, விஸ்பர் 14.0956. இவை எல்லாம் டயலில் வைக்க வேண்டிய எண்கள்.

இவை யாரும் சட்டம் போட்டு ஒதுக்கிய இடங்கள் அல்ல. எல்லோரும் ஒத்துப்போனதால் நிலைத்த வழக்கம். ஆனால் பேண்டின் எல்லை சட்டம். நம் நாட்டில் 40 மீட்டர் 7.000 முதல் 7.200 வரை மட்டுமே. வெளிநாட்டு இணையப் பக்கத்தில் 7.2-க்கு மேல் ஏதாவது எண்ணைப் பார்த்துவிட்டு அங்கே போகக் கூடாது.

நான் 7.074-லதான் வெச்சிருக்கேன். அப்புறம் ஏன் 7.0755-ல வர்றேன்னு சொல்றாங்க?

இடையூறு தகராறில் பாதி இந்த ஒரு குழப்பத்திலிருந்துதான் வருகிறது. டயல் காட்டுவது தொடக்கப் புள்ளி. லேப்டாப்பிலிருந்து போகும் ஆடியோ ஒலி 1500 ஹெர்ட்ஸ் என்றால், காற்றில் நீங்கள் இருப்பது 7.074-உடன் 1.5 கிலோஹெர்ட்ஸ் கூட்டி, 7.0755. வாட்டர்பாலில் (சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் திரை) 200 முதல் 2800 வரை தெரியும் ஒவ்வொரு கோடும் அப்படித் தனித்தனி அதிர்வெண்தான். எஃப்டி8 சிக்னல் ஒன்று 50 ஹெர்ட்ஸ் அகலம் மட்டுமே பிடிக்கும். ஆகவே ஒரே டயல் எண்ணில் ஐம்பது பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார முடியும்.

இந்தக் கூட்டல் கணக்கை மறக்காதீர்கள். கீழே பல இடங்களில் இதே கணக்கு திரும்ப வரும்.

40 மீட்டர்னா எல்எஸ்பி தானே சார்?

குரலுக்குத்தான் எல்எஸ்பி, அதாவது கீழ்ப் பக்கப்பட்டை. எஃப்டி8, எஃப்டி4, விஸ்பர், ஜேஎஸ்8 எல்லாம் எந்த பேண்டிலும் யூஎஸ்பி, அதாவது மேல் பக்கப்பட்டை. லேப்டாப்பில் செருகும் ஒயருக்கும் இதே பெயர் என்பதால் போனில் விளக்கும்போது நிறைய கூத்து நடக்கும். ரிக்கில் யூஎஸ்பி-டி, டேட்டா-யூ, பிகேடி-யூ என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதில் வையுங்கள்.

எல்எஸ்பியில் விட்டால் கூட்டலுக்குப் பதில் கழித்தல் நடக்கும். 7.074 டயலில் 1500 ஹெர்ட்ஸ் ஆடியோ 7.0725-க்குப் போய்விடும். டோன்களும் தலைகீழாகிவிடும், யாராலும் டிகோட் செய்ய முடியாது. அங்கே வேறு மோடில் பேசிக்கொண்டிருப்பவருக்கு நீங்கள் வெறும் சத்தம்.

வாட்டர்பால் முழுக்க சிக்னல் தெரியுது, ஆனா ஒண்ணுகூட டிகோட் ஆகலையே?

கடிகாரத்தைப் பாருங்கள். எஃப்டி8 ஒவ்வொரு நிமிடத்தையும் 15 நொடி கொண்ட நான்கு ஸ்லாட்டாகப் பிரிக்கிறது. 00, 15, 30, 45-இல் தொடங்கி 12.64 நொடி ஒலிக்கும். மிச்சம் இரண்டு நொடியில் டிகோட் நடக்கும். எஃப்டி4-இல் ஸ்லாட் 7.5 நொடி. உங்கள் கடிகாரம் ஒரு நொடிக்கு மேல் தவறினாலே சிக்கல் தொடங்கும், இரண்டைத் தாண்டினால் அநேகமாக எதுவும் வராது. டிகோட் பட்டியலில் டிடி (நேர வித்தியாசம், நொடியில்) என்ற பத்தி இருக்கிறதே, அதில் எல்லோருக்கும் ஒரே மாதிரி 1.3, 1.4 என்று வந்தால் பிழை அவர்களிடம் இல்லை, உங்கள் லேப்டாப்பில்.

நேரம் தவறிய நிலையம் தனக்கு மட்டும் கெடுதல் செய்வதில்லை. மற்றவர்கள் அனுப்பி முடித்து அடுத்த ஸ்லாட் தொடங்கும்போதும் அதன் வால் ஒலித்துக்கொண்டிருக்கும். கரண்ட் போய் நெட் இல்லாத நேரத்தில் இது அதிகம். போன் ஹாட்ஸ்பாட்டை ஒரு நிமிடம் இணைத்து நேரத்தைச் சரிசெய்துவிட்டுத் தொடங்குங்கள், அல்லது ஒரு யூஎஸ்பி ஜிபிஎஸ் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். விஸ்பர் இரட்டைப்படை நிமிடங்களில்தான் தொடங்கும். நம் நேரம் உலக நேரத்தை விட 330 நிமிடம் முன்னே, அதுவும் இரட்டைப்படை. ஆகவே சுவர்க் கடிகாரத்தின் இரட்டைப்படை நிமிடமே போதும், கணக்குப் போட வேண்டியதில்லை.

எந்த இடம் காலின்னு எப்படிப் பார்த்து உட்காரணும்?

குறைந்தது நான்கு ஸ்லாட், அதாவது ஒரு முழு நிமிடம், எதுவும் அனுப்பாமல் வாட்டர்பாலைப் பாருங்கள். முதல் ஸ்லாட்டில் காலியாகத் தெரியும் இடத்தில் இரண்டாவதில் ஒருவர் இருப்பார். இரண்டிலும் காலியாக இருக்கும், 60 ஹெர்ட்ஸாவது அகலமான இடைவெளியில் ஷிப்ட் அழுத்தி க்ளிக் செய்தால் உங்கள் அனுப்பும் இடம் அங்கே போய் நிற்கும். பக்கத்திலேயே ஹோல்டு டிஎக்ஸ் ஃப்ரீக் (Hold Tx Freq) பெட்டியில் டிக் போடுங்கள். இல்லாவிட்டால் யாரையாவது இரண்டு முறை க்ளிக் செய்தவுடன் அவர் மேலேயே போய் உட்கார்ந்துவிடும்.

பலருக்குத் தோன்றாத ஒன்று: நீங்கள் அனுப்பும் ஸ்லாட்டில் உங்களால் எதையும் கேட்க முடியாது. பத்து நிமிடம் விடாமல் சிக்யூ (யாராவது பதில் சொல்லுங்கள் என்ற பொது அழைப்பு) போட்டால், அந்த ஸ்லாட்டில் அதே இடத்தில் இன்னொருவர் வந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஐந்து ஆறு அழைப்புக்கு ஒரு முறை ஒரு ஸ்லாட் நிறுத்திக் கேளுங்கள். மென்பொருளில் ஆறு நிமிடத்தில் தானே நிறுத்தும் வாட்ச்டாக் இருக்கிறது, அதை அணைக்காதீர்கள்.

சிக்யூ போட்டவருக்கு அவர் இடத்துலயே பதில் சொன்னா சீக்கிரம் கேட்கும்ல?

கேட்காது. அவருடைய மென்பொருள் முழு வாட்டர்பாலையும் ஒரே நேரத்தில் டிகோட் செய்கிறது, நீங்கள் எங்கிருந்தாலும் ஒன்றுதான். அதே இடத்தில் இன்னும் நான்கு பேர் இதே நினைப்பில் வருவார்கள், ஐந்தும் ஒன்றின் மேல் ஒன்று விழும். தள்ளி உட்காருங்கள்.

என் சிக்னல் மூணு இடத்துல தெரியுதுன்னு ஒருத்தர் மெசேஜ் போட்டார். ஒண்ணுதானே அனுப்பறேன்?

ஆடியோ அதிகமாகப் போகிறது. 700 ஹெர்ட்ஸில் அனுப்பும் ஒலி ரிக்கின் உள்ளே நசுங்கினால் 1400-இலும் 2100-இலும் அதன் சாயல் முளைக்கும். இரண்டு பேருடைய இடத்தை நீங்கள் அறியாமலே அடைத்துவிடுகிறீர்கள். சரிசெய்யும் வரிசை இது:

1. டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக பவரை உள்ளேயே விழுங்கும் கருவி) இணையுங்கள். ஆன்டெனாவில் டியூன் பொத்தானை அழுத்திக்கொண்டு சோதிப்பது எஃப்டி8 இடத்தில் நேரடியாக ஓர் இரைச்சலைக் கொட்டுவது.
2. ரிக்கில் ஸ்பீச் ப்ராசஸர், கம்ப்ரெஸர், ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணையுங்கள்.
3. விண்டோஸில் அந்த சவுண்டு கார்டின் 'என்ஹான்ஸ்மென்ட்'களை நீக்குங்கள். முக்கியமாக, அதை டீஃபால்ட் கருவியாக வைக்காதீர்கள். வைத்தால் மெயில் வரும் 'டிங்' ஒலி 14.074-இல் உலகத்துக்கே கேட்கும்.
4. ரிக்கின் பவரை வேண்டிய அளவுக்கு வையுங்கள். மென்பொருளின் பவர் பட்டையை அடியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள்.
5. பவர் மேலே ஏறாமல் நிற்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஏஎல்சி மீட்டர் (ஆடியோ மிகுவதைக் காட்டுவது) அசையாத வரை கீழே இறக்குங்கள்.
6. பேண்டு மாற்றினால் நான்காவது படியிலிருந்து மறுபடி. 40-இல் சரியாக இருந்தது 15 மீட்டரில் சரியாக இருக்காது.

கூடவே செட்டிங்கில் ஸ்ப்ளிட் என்பதை 'ரிக்' அல்லது 'ஃபேக் இட்' என்று வையுங்கள். நீங்கள் எங்கே க்ளிக் செய்தாலும் மென்பொருள் டயலைச் சற்று நகர்த்தி ஆடியோவை எப்போதும் 1500-க்கும் 2000-க்கும் இடையில் வைத்துக்கொள்ளும். அப்போது சாயல் 3000-க்கு மேல் விழும், ரிக்கின் ஃபில்டர் அதை வெளியே விடாது. இது மேலே சொன்ன ஆறு படிக்கு மாற்று அல்ல.

சாயலுக்குப் பதிலாக சிக்னலின் இரண்டு பக்கமும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் இடைவெளியில் கோடுகள் தெரிந்தால் அது கரண்ட் ஹம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சிக்னலே கரகரப்பாக அகன்று தெரிந்தால் நீங்கள் அனுப்பும் ரேடியோ அலையே (ஆர்எஃப்) யூஎஸ்பி ஒயர் வழியாக உள்ளே வருகிறது. அந்த ஒயரை 31 வகை ஃபெரைட் வளையத்தில் ஆறு ஏழு சுற்று சுற்றுங்கள்.

பவர் எவ்வளவு வைக்கலாம்? ரிக் 100 வாட்ஸ்தானே?

20 முதல் 30 வாட். எஃப்டி8 இரைச்சலுக்கு 20 டெசிபல் கீழே இருக்கும் சிக்னலையும் எடுக்கும், நூறு வாட் கொட்ட வேண்டியதில்லை. தவிர, 12.64 நொடியும் முழு பவர் நிற்காமல் போகும். மே மாதத்து வேலூர் வெயிலில் ஓட்டுக் கொட்டகைக்குள் இருக்கும் ரிக்கின் ஃபைனல் டிரான்சிஸ்டர் அதைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம்.

சத்துவாச்சாரியில நான், காட்பாடியில என் நண்பர். அவர் அனுப்பினா என் வாட்டர்பால் முழுக்க வெள்ளையாயிடுது. யாராவது ஒருத்தர் நிறுத்தணுமா?

யாரும் நிறுத்த வேண்டாம். இருவரும் ஒரே ஸ்லாட்டில் அனுப்புங்கள். முதலில் இது தலைகீழாகத்தான் தோன்றும், ஆனால் யோசித்துப் பாருங்கள். நீங்கள் 00-இலும் அவர் 15-இலும் அனுப்பினால், நீங்கள் கேட்கும் நேரமெல்லாம் அவர் அனுப்பும் நேரம். சில கிலோமீட்டர் தூரத்தில் அவர் சிக்னல் உங்கள் ரிசீவரின் ஏஜிசியை (ஒலி அளவைத் தானே சரிசெய்யும் அமைப்பு) அழுத்திவிடும், ஜப்பானும் இத்தாலியும் அடியில் புதைந்துவிடும். இருவரும் 00, 30-இல் அனுப்பி 15, 45-இல் கேட்டால், இருவருக்குமே சுத்தமான வாட்டர்பால். மாலையில் ஒரு வாட்ஸ்அப் செய்தி, "இன்னைக்கு ரெண்டு பேரும் ஈவன்", அவ்வளவுதான். திரையில் 'டிஎக்ஸ் ஈவன்/1ஸ்ட்' (Tx even/1st) பெட்டியில் இருவரும் டிக் போடுங்கள்.

சிக்யூ போடும்போது இது எளிது. பதில் சொல்லும்போது எதிராளி எந்த ஸ்லாட்டில் இருக்கிறாரோ அதற்கு எதிர் ஸ்லாட்டுக்கு மென்பொருள் உங்களை மாற்றிவிடும். ஆகவே ஒத்துக்கொண்ட மாலைகளில் 15, 45-இல் சிக்யூ போடுபவர்களுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அப்படியும் தவறினால் ஆர்எஃப் கெயினைக் குறைத்து, ஏஜிசியை வேகமாக வைத்து, 500 ஹெர்ட்ஸ் ஃபில்டரை வேண்டியவர் மேல் வையுங்கள்.

எங்க ஊருக்கு கிரிட் என்ன போடணும்?

கிரிட் என்பது உலக வரைபடத்தில் நீங்கள் இருக்கும் கட்டத்தின் குறி. இடையூறோடு நேரடித் தொடர்பு இல்லாத கேள்வி, ஆனால் கேட்காத ஆளில்லை. வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர், ஆற்காடு, ராணிப்பேட்டை, திருவண்ணாமலை எல்லாம் எம்கே92. அரக்கோணம் 13 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே இருப்பதால் எம்கே93. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-இலும் வேலூர் மாவட்டம் 2019-இலும் பிரிந்தன. கிரிட்டுக்கு அது எதுவும் தெரியாது.

17 மீட்டர்ல எஃப்டி4 போட்டேன், சரியான டயல்தான். ஆனா விஸ்பர்காரர் ஒருத்தர் கோபப்பட்டார். நான் என்ன தப்பு பண்ணேன்?

இரண்டாம் கேள்வியின் கூட்டலைப் போட்டுப் பாருங்கள். 17 மீட்டரில் எஃப்டி4 டயல் 18.104. விஸ்பர் டயல் 18.1046, அதன் சிக்னல்கள் ஆடியோவில் 1400 முதல் 1600 வரை. காற்றில் 18.1060 முதல் 18.1062. உங்கள் எஃப்டி4 டயலில் 2000 முதல் 2200 ஹெர்ட்ஸ் வரை அதே இடம்தான். இரண்டு டயலும் 'சரி', ஆனால் காற்றில் ஒன்றின் மேல் ஒன்று. ஜேஎஸ்8-க்கும் அங்கே 18.104-தான் வழக்கம், ஆகவே அவர்களுக்கும் இதே எச்சரிக்கை. 17 மீட்டரில் 1900 முதல் 2300 வரை தொடாமல் விடுங்கள்.

30 மீட்டரிலும் இப்படி ஒன்று உண்டு. விஸ்பர் டயல் 10.1387, சிக்னல் 10.1401 முதல் 10.1403. எஃப்டி4 டயல் 10.140. வாட்டர்பாலின் இடது ஓரத்தில் 300-க்குக் கீழே உட்கார்ந்தால் விஸ்பர் மேல்தான். அங்கே 400-க்கு மேலேயே இருங்கள்.

விஸ்பர்காரர்கள் ஏன் இவ்வளவு நொந்துகொள்கிறார்கள்? அவர்கள் அனுப்புவது பெரும்பாலும் சில மில்லிவாட்டிலிருந்து 5 வாட் வரை. அகலம் 6 ஹெர்ட்ஸ், ஒரு செய்திக்கு 110.6 நொடி. உங்கள் ஒரே எஃப்டி4 செய்தி ஐந்து நொடிதான், ஆனால் நீங்கள் சிக்யூ போட்டுக்கொண்டே இருந்தால் அவருடைய இரண்டு நிமிடத்தில் எட்டு முறை குறுக்கிடுகிறீர்கள்.

காலையில எல்லாரும் கூடிப் பேசற ரேடியோ நெட்ல கீச்சு கீச்சுனு சத்தம் வருது. டிஜிட்டல்காரங்க ஏன் குரல் பேசற இடத்துக்கு வர்றாங்க?

பல நேரம் வந்திருப்பது நீங்கள்தான். எல்எஸ்பியில் 7.077 என்று டயல் வைத்தால் உங்கள் குரல் 7.0743 முதல் 7.0767 வரை பரவும். அது அப்படியே எஃப்டி8 உட்காரும் இடம். 7.080-இல் பேசினால் 7.0773-லிருந்து 7.0797 வரை, ஜேஎஸ்8 இடம். எல்எஸ்பி டயலுக்குக் கீழே பரவும் என்பதை நினைவில் வைத்து 7.083-க்கு மேல் நகர்ந்தால் இந்தத் தகராறு இல்லை.

மறுபக்கமும் உண்டு. 7.074 நிரம்பிவிட்டது என்று டிஜிட்டல் ஹாம் ஒருவர் டயலை 7.090-க்கு மாற்றி சிக்யூ போட்டால், அது அவர் தவறு.

14.100-ல எதுவும் கேட்கலை, காலியாத்தானே இருக்கு?

காலி இல்லை, தொடவே கூடாத இடம். உலகெங்கும் 18 பீக்கன்கள் (அலை எங்கெல்லாம் எட்டுகிறது என்று பார்க்க உதவும் தானியங்கி நிலையங்கள்) அங்கே முறை வைத்து அனுப்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் 10 நொடி, மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று. வரிசையில் பத்தாவது இலங்கையின் 4எஸ்7பி. அழைப்புக்குறியும் முதல் கோடும் (நீண்ட ஒலி) 100 வாட்டில், அடுத்த மூன்று கோடுகள் 10, 1, 0.1 வாட்டில் வரும். அந்தக் கடைசிக் கோடு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பவருக்கு உங்கள் 20 வாட் இடி மாதிரி. 18.110, 21.150, 24.930, 28.200 ஆகியவையும் இவற்றின் இடங்கள்தான்.

வின்லிங்க்ல மெயில் அனுப்ப வாரா போட்டா நடுவுல யாரோ கத்தறாங்க. நான் கேட்டுட்டுத்தானே ஆரம்பிச்சேன்?

வின்லிங்க் ரேடியோ வழியாக மெயில் அனுப்பும் சேவை, வாரா அதற்கான மோடு. நீங்கள் கேட்டது உங்கள் வீட்டில் கேட்பதை மட்டும். நீங்கள் அழைக்கும் தானியங்கி நிலையம் இருக்கும் ஊரில் அதே அதிர்வெண்ணில் இருவர் பேசிக்கொண்டிருக்கலாம். அவர்கள் உங்களுக்குக் கேட்க மாட்டார்கள். நீங்கள் கூப்பிட்டதும் அந்த நிலையம் பதில் சொல்லும், அவர்கள் பேச்சு நாசமாகும். ஆகவே மென்பொருளின் 'பிஸி' விளக்கை மட்டும் நம்பாமல் இரண்டு நிமிடமாவது காதால் கேளுங்கள். அவசரமில்லாத மெயிலுக்கு 2300 ஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பதில் 500 ஹெர்ட்ஸ் போதும். பேச்சு, எஃப்டி8, பீக்கன் எதுவும் மேலே சிக்காமல் அகலத்தின் இரண்டு ஓரத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மெயில் போகவில்லை என்று ஒரே நிலையத்தைப் பத்து முறை கூப்பிடாதீர்கள், வேறொன்றை எடுங்கள்.

டிஎக்ஸ்பெடிஷன்காரரை ஹவுண்டு மோடுல கூப்பிடலாமா, 14.074-லயே?

கூடாது. டிஎக்ஸ்பெடிஷன் என்பது அரிதான இடத்துக்குப் பயணம் போய் அனுப்பும் குழு; அந்த நிலையம் ஃபாக்ஸ், அதைக் கூப்பிடுபவர்கள் ஹவுண்டு. இந்த ஃபாக்ஸ்-ஹவுண்டு முறை வழக்கமான எஃப்டி8 இடங்களுக்கு வெளியேதான். அவர்கள் அறிவித்திருக்கும் டயல் எண்ணுக்குப் போங்கள். ஃபாக்ஸ் 300 முதல் 900 வரை அனுப்பும், நீங்கள் 1000-க்கு மேல் கூப்பிட வேண்டும். கீழே கூப்பிட்டால் நீங்கள் கேட்க வந்தவரை நீங்களே மறைக்கிறீர்கள்.

ஏலகிரி போய் கைரிக்ல டிஜிட்டல் போட்டா 5 வாட்ஸ்தானே, யாருக்கு என்ன ஆகும்?

ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்திலிருந்து 5 வாட் கீழே இருக்கும் ஊர்களைத் தாண்டி ரொம்ப தூரம் போகும், அதுதான் ஆபத்து. பாலாற்றுப் பள்ளத்தாக்கில் ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் இருப்பவர்களுக்கு இடையில் மலை. ஒருவர் அனுப்புவது இன்னொருவருக்குக் கேட்காது, இருவரும் ஒரே நேரத்தில் பாக்கெட் (சிறு தரவுத் துண்டு) அனுப்பி, மலைமேல் இருக்கும் உங்களிடம் மோதிக்கொள்வார்கள். பாக்கெட் மென்பொருள் சேனல் காலியா என்று பார்த்துத்தான் அனுப்பும், ஆனால் கேட்காததை அதனால் பார்க்க முடியாது. மலைமேல் இருந்தால் பாக்கெட் அனுப்பும் இடைவெளியை நீட்டுங்கள், டிஜிபீட்டர் (பாக்கெட்டை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) பாதையில் ஒரு தாவலுக்கு மேல் கேட்காதீர்கள்.

145.800, 145.825 இரண்டையும் உள்ளூர்ப் பேச்சுக்கோ சோதனைக்கோ எடுக்காதீர்கள். முதலாவது விண்வெளி நிலையத்திலிருந்து வரும் குரல், இரண்டாவது அதன் பாக்கெட். யூஎச்எஃப்-இல் நமக்கு 434 முதல் 438 வரைதான், அதில் 435-க்கு மேல் சாட்டிலைட்டுகள். டிஎம்ஆர் ஹாட்ஸ்பாட் (டிஜிட்டல் குரல் கைரிக்கை இணையத்தோடு இணைக்கும் சிறு பெட்டி) 10 மில்லிவாட்தானே என்று 436-இல் வைத்தால், மேலிருந்து வரும் மெல்லிய சிக்னலை உங்கள் தெருவில் யாராலும் கேட்க முடியாது. 434-க்கும் 435-க்கும் இடையில் வையுங்கள். கலர் கோடு (color code, டிஎம்ஆரில் வைக்கும் எண்) வேறு வேறாக இருந்தால் மோதாது என்பதும் தப்பு. அது ரிக்கைத் திறக்கும் சாவி மட்டும், அலையைத் தடுக்காது. கைரிக்கில் அனுப்ப அனுமதி என்ற அமைப்பை 'சேனல் ஃப்ரீ' என்று வையுங்கள்.

வாட்டர்பால்ல நேர் கோடு, வளைஞ்ச கோடு எல்லாம் வருது. எந்த மோடு அது?

அநேகமாக எதுவும் இல்லை. எஃப்டி8 என்றால் 15 நொடிக் கணக்கில் தொடங்கி நிற்கும். பிஎஸ்கே31 ரயில் தண்டவாளம் போல இரண்டு மெல்லிய கோடு. ரிட்டி 170 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டு தடித்த கோடு. எப்போதும் நிற்காமல், மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் எல்இடி பல்பின் டிரைவர், சோலார் இன்வெர்ட்டர், மலிவு சார்ஜர். ரிக்கை பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் ஸ்விட்சை இறக்கிப் பாருங்கள். கோடு மறைந்தால் உங்கள் வீடு. ஒவ்வொரு சர்க்யூட்டாக ஏற்றினால் எந்த அறை என்று தெரியும். கோடு மறையாவிட்டால் பக்கத்து வீடு. அங்கே போகும்போது புது எல்இடி பல்பு ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் பேச்சு சுலபமாகும்.

ஒருத்தர் வேணும்னே என் மேலயே வந்து அனுப்பறார். என்ன பண்றது?

முதலில் வேண்டுமென்றுதானா என்று பாருங்கள். நீங்கள் அனுப்பும் ஸ்லாட்டில் அவரும் அனுப்பினால் அவருக்கு நீங்கள் கேட்கவே மாட்டீர்கள், ஐந்தாவது கேள்வியில் சொன்ன அதே காரணம்தான். 100 ஹெர்ட்ஸ் நகருங்கள். பத்தில் ஒன்பது முறை அதோடு முடிந்துவிடும்.

எஃப்டி8-இன் சொந்தச் செய்தியில் 13 எழுத்துதான் போகும், அதில் சண்டையும் போட முடியாது, விளக்கமும் சொல்ல முடியாது. அவர் சிக்னல் சாயலோடு வந்தால், அழைப்புக்குறியை வைத்து மெயில் எடுத்து, வாட்டர்பால் படத்தோடு, தேதி, உலக நேரம், டயல் எண், ஆடியோ எண் எல்லாம் போட்டு அனுப்புங்கள். குற்றம் சொல்லாமல் "உங்கள் ஏஎல்சியைப் பாருங்கள்" என்ற ஒரு வரி. அழைப்புக்குறியே இல்லாமல், பேண்டு முழுக்க டக்டக்கென்று பல கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் வந்தால் அது ஹாம் அல்ல, தொலைதூர ரேடார். அதன் மேல் பதிலுக்கு அனுப்புவதால் எதுவும் நடக்காது. அதே விவரங்களைக் குறித்து ஐஏஆர்யூ (உலக ஹாம் சங்கங்களின் கூட்டமைப்பு) கண்காணிப்புப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு, அன்றைக்கு வேறு பேண்டுக்குப் போங்கள்.